உங்களுக்குத் தெரியுமா? உப்புத்தண்ணீர் ஊற்றினால் கறக்கும் 'மாடு'

கர்ப்பப்பையை எடுத்த சில நாளில் தன்னாலே சேலை நனைய ஆரம்பித்தால், 'உடம்பு தளர்ந்துபோச்சு' என்று விட்டுவிடுகிறவர்கள் கோவில்பட்டிப் பக்கம் உண்டு. தீப்பெட்டி ஆபீசில் எழுந்ததும் முந்தானையைப் பின்னால் இழுத்து மறைத்துக்கொள்வதோடு சரி. தளர்ச்சியாக இல்லாமல், சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கலாம். டாக்டர்கள் அதை ஃபிஸ்டுலா என்பார்கள். தைத்து மூடிவிட முடியும்.

ஓட்டை எங்கே? மூன்று பஞ்சுருண்டைகளை உள்ளே வைத்து, சிறுநீர்ப்பையில் நீலச்சாயம் ஏற்றுவது பழைய வழி. பஞ்சு நீலமானால் பையில் ஓட்டை. நிறம் மாறாமல் ஈரம் மட்டும் ஏறினால், சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயைச் சந்தேகிக்க வேண்டும்.

சாயத்துக்குப் பிடிபடாத கசிவுக்கு அணு மருத்துவம். கதிர் வீசும் டெக்னீசியம்-99எம் சேர்த்த மருந்தைக் கை நரம்பில் போடுவார்கள். சிறுநீரகம் அதை வடிகட்டிக் கீழே அனுப்பும். காமா கேமரா எந்தக் கதிரையும் பாய்ச்சுவதில்லை. உடம்பிலிருந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். சிறுநீர் தடம் மாறிப் போனால் அங்கே திட்டு தெரியும். படம் கொஞ்சம் மங்கல்தான். ஓட்டையின் அளவையும் இடத்தையும் துல்லியமாகச் சொல்ல சி.டி. ஸ்கேனும் வேண்டும், குழாய் விட்டுப் பார்ப்பதும் வேண்டும்.

டெக்னீசியம் வரும் பெட்டிக்கு ஆய்வகத்தில் பட்டப்பெயர் 'மாடு'. உள்ளே மாலிப்டினம்-99 இருக்கும். அது டெக்னீசியமாகச் சிதைந்துகொண்டே 66 மணி நேரத்தில் பாதியாகும். பால்காரர் தண்ணீர் ஊற்றினால் திட்டுகிறோம். இந்த மாட்டிலோ உப்புத்தண்ணீர் ஊற்றினால்தான் பாலே வரும். கறந்தது 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். மதுரையில் கறந்து 2 மணி நேரத்தில் கோவில்பட்டிக்குக் கொண்டுவந்தால் வழியிலேயே ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும்.

மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் டெக்னீசியம். ஆண்டு 1937.

இன்னொரு கசிவுக்கும் இந்த வழி உதவும். கறிச்சோறு தின்ற மறுநாள் சிறுநீர் பால்போல வெளுத்தால்? யானைக்கால் புழு அடைத்த நிணநீர்க் குழாய், சிறுநீர்ப் பாதைக்குள் உடைத்துக்கொண்டிருக்கலாம். கால்விரல் இடுக்கில் கதிர்மருந்தைக் குத்துவார்கள். அது நிணநீர்த் தடத்தை விட்டுச் சிறுநீரகத்தில் தலைகாட்டினால் இணைப்பு பிடிபட்டது.

அணு என்றதும் கூடங்குளம் ஞாபகம் வந்து பயப்பட வேண்டாம். ஏற்றிய மருந்தில் மறுநாள் இதே நேரம் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும், அதுவும் சிறுநீரோடு வெளியேறாமல் தங்கினால்.