பழைய விசைப்படகுக்கு இன்சூரன்ஸ்: மலிவான பாலிசி புயலில் கைகொடுக்குமா? படகு உரிமையாளர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

நாகப்பட்டினம்,

ஐப்பசி பிறந்தாலே டெல்டா கடற்கரையில் படகு வைத்திருப்பவர்களுக்கு வயிற்றில் புளியை கரைக்கும். மழையோடு புயலும் சேர்ந்து வருகிற காலம் அது. எச்சரிக்கை கூண்டு ஏற்றியதும் கடலுக்கு போகாமல் வீட்டில் இருந்தால் ஆள் தப்பிக்கலாம். படகை எந்த வீட்டுக்குள் கொண்டு போய் வைப்பது?

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையை கடந்தது. மணிக்கு 100 முதல் 110 கிலோ மீட்டர் வேகத்தில் காற்று வீசியது. இடையிடையே 120 கிலோ மீட்டரையும் தொட்டது. அன்றைக்கு நாசமான படகுகள் நடுக்கடலில் மீன் பிடித்துக்கொண்டு இருந்தவை அல்ல. மல்லிப்பட்டினம் துறைமுகம் உள்பட பல ஊர்களில் கரையோரம் கட்டிப்போட்டு இருந்தவை. ஒன்றோடு ஒன்று மோதி பலகை பிளந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. சில படகுகளை காற்றும் அலையும் கரை மேலேயே தூக்கி வீசியது. 2022 டிசம்பர் 9-ந்தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையை கடந்தபோது சென்னை காசிமேட்டிலும் இதே கதைதான்.

பழைய படகுக்கு இன்சூரன்ஸ் தேடுகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். புயல் படகை அடிப்பது பெரும்பாலும் துறைமுகத்தில். அதுவும் முழுசாக மூழ்கடிப்பதை விட உடைத்துப்போடுவதே அதிகம்.

ஆளுக்கு இருக்கிறது, படகுக்கு இல்லை

'நமக்குத்தான் அரசு இன்சூரன்ஸ் போட்டிருக்கே' என்று நினைப்பவர்கள் நிறைய பேர். 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வந்த குழு விபத்து காப்பீட்டை மனதில் வைத்துத்தான் அப்படி சொல்கிறார்கள். அதில் மீனவர் இறந்தாலோ நிரந்தரமாக முழு ஊனம் அடைந்தாலோ 5 லட்சம் ரூபாய். பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம். ஆஸ்பத்திரி செலவுக்கு 25 ஆயிரம். பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகளே கட்டின. நல்ல திட்டம்தான். ஆனால் அது ஆளுக்கு. படகுக்கு அதில் சல்லிக்காசு கிடையாது.

சரி, புயல் நிவாரணம்? மாநில பேரிடர் நிவாரண நிதிக்கு 2022-23 முதல் 2025-26 வரை வகுத்த விதிப்படி முழுசாக போன படகுக்கு 15 ஆயிரம் ரூபாய், பாதி சேதத்துக்கு 6 ஆயிரம், முழுசாக போன வலைக்கு 4 ஆயிரம். பெரிய புயல் அடித்தால் மாநில அரசு தனியாக கூடுதல் தொகை அறிவிப்பது உண்டு. ஆனாலும் லட்சக்கணக்கில் போட்டு வாங்கிய விசைப்படகை நிவாரணத்தை மட்டும் நம்பி மறுபடி கடலில் இறக்க முடியாது.

இதில் ஒரு வேடிக்கை. வங்கிக்கடன் இருக்கிற வரை வங்கிக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். வருஷா வருஷம் பாலிசி போடச் சொல்லி பின்னாலேயே வருவார்கள். கடன் முடிந்ததும் கேட்க ஆள் இல்லை, பாலிசியையும் விட்டுவிடுகிறோம். படகு பழசாகி, ஒரு அடிக்கு தாங்காத நிலைக்கு வரும்போது இன்சூரன்சே இருப்பது இல்லை.

ஏன் உதட்டை பிதுக்குகிறார்கள்?

படகுக்கு போடும் பாலிசிக்கு 'மெரைன் ஹல்' என்று பெயர். நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியண்டல், நேஷனல் ஆகிய 4 பொதுத்துறை கம்பெனிகளின் அலுவலகத்தில் கேட்கலாம். தனியார் கம்பெனிகளும் உண்டு. புது இரும்பு படகு என்றால் உட்காரச் சொல்வார்கள். பழைய மரப்படகு என்றால் யோசிப்பார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. மரம் தண்ணீரில் ஊறும், கடல் புழு துளைக்கும், ஆணி துருப்பிடிக்கும். புயல் அடித்த பிறகு, இது காற்றில் உடைந்ததா, ஏற்கனவே உளுத்துப்போய் இருந்ததா என்ற சண்டை வரும். 1963-ம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டு சட்டத்திலேயே, பாலிசியில் வேறு மாதிரி எழுதி இருந்தால் தவிர, தேய்மானம், வழக்கமான கசிவு, எலி, புழு பூச்சியால் வரும் நஷ்டத்துக்கு கம்பெனி பொறுப்பு அல்ல என்று இருக்கிறது. எலி என்றே சட்டத்தில் எழுதி இருக்கிறார்கள்!

அதனால் பழைய படகுக்கு சர்வேயர் அறிக்கைதான் உயிர். அவர் வந்து பார்த்து 'கடலுக்கு தகுதி' என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அதற்கு தோதான நேரம் மீன்பிடி தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு சும்மா நிற்கிறது. பலரும் அப்போதுதான் படகை கரையேற்றி பலகை மாற்றி, இடுக்கில் பஞ்சு அடைத்து, பெயிண்ட் அடிக்கிறார்கள். அடிப்பாகம் முழுசாக வெளியே தெரியும். அந்த நேரத்தில் சர்வேயரை கூப்பிட்டு காட்டினால், தண்ணீரில் மிதக்கும் படகை காட்டுவதை விட நல்ல அறிக்கை கிடைக்கும். தச்சர் கூலி, மர பில், என்ஜின் பில், போட்டோ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைக்கணும். ஜூனில் பாலிசி போட்டால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் அந்த ஒரு வருஷத்துக்குள் வந்துவிடும்.

வங்கக்கடலில் காற்றழுத்த தாழ்வு வந்த பிறகு ஓடினால் யாரும் சீண்டமாட்டார்கள். அமெரிக்காவில் புளோரிடா பக்கம் புயலுக்கு பெயர் வைத்துவிட்டால் புது பாலிசி எழுதுவதை கம்பெனிகள் நிறுத்திவிடும். 'புயல் வந்தால் படகை எங்கே கட்டுவாய், எத்தனை கயிறு போடுவாய்' என்று அங்கே முன்கூட்டியே எழுதியும் வாங்குகிறார்கள். நம்மூரில் யாரும் கேட்காவிட்டாலும் அப்படி ஒரு தாள் எழுதி விண்ணப்பத்தோடு கொடுப்பதில் தப்பு இல்லை. பழைய படகு என்றாலும் பொறுப்பான ஆள் என்று தெரியும்.

மலிவு பாலிசியில் இருக்கும் பள்ளம்

பழைய படகுக்கு பெரும்பாலும் நீட்டுவது 'முழு நஷ்டத்துக்கு மட்டும்' என்ற பாலிசி. பிரீமியம் குறைவு. படகு மூழ்கினால், தேட முடியாமல் போனால் பணம். பலகை பிளந்து கரையில் கிடந்தால்? கிடையாது. மேலே சொன்ன மாதிரி புயலில் அதிகம் நடப்பது இதுதான்.

எனவே கையெழுத்து போடும் முன் 2 கேள்வி கேட்க வேண்டும். துறைமுகத்தில் கட்டி இருக்கும்போதும், கரையேற்றி வைத்திருக்கும்போதும் பாலிசி செல்லுமா? பழுது பார்க்கும் செலவு படகின் மதிப்பையே தாண்டினால் அதையும் முழு நஷ்டமாக எடுத்துக்கொள்வார்களா? இரண்டாவதற்கு 'ஆமாம்' என்றால் மலிவு பாலிசியிலும் ஓரளவு உயிர் இருக்கிறது. பதிலை வாயால் வாங்கினால் போதாது, பாலிசி தாளில் இருக்கணும்.

பகுதி சேதத்துக்கும் சேர்த்து போட்டால் பிரீமியம் ஏறும். அதை குறைக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு கிளைமிலும் முதலில் இவ்வளவு ரூபாயை நானே ஏற்கிறேன் என்று ஒத்துக்கொள்வதுதான் அது. சின்னச்சின்ன உடைசலை எப்படியும் நம் கைக்காசில்தான் சரி செய்கிறோம். பெரிய அடிக்கு மட்டும் கம்பெனி வந்தால் போதும் என்பவர்களுக்கு இது லாபம். எப்படி போட்டாலும் பிரீமியத்துக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அது படகின் மதிப்பை குறைத்து காட்டுவது. இதில் கை சுடும். 20 லட்சம் மதிப்புள்ள படகை 10 லட்சத்துக்கு மட்டும் போட்டதாக வைத்துக்கொள்வோம். புயலில் 4 லட்சத்துக்கு சேதம். முழு 4 லட்சமும் வரும் என்று நினைத்தால் தப்பு. பாதி மதிப்புக்கு போட்டதால் பாதி, அதாவது 2 லட்சம்தான் தருவார்கள். மீதிக்கு நீங்களே இன்சூரன்ஸ் கம்பெனி என்பது சட்டம். படகின் மதிப்பு இன்னது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு பாலிசியில் எழுதி, அந்த தொகைக்கே போட்டுவிட்டால் இந்த வம்பு இல்லை.

தனி ஆளாக போவதை விட சங்கம் மூலமாக 30, 40 படகாக சேர்ந்து போனால் பேரம் பேச முடியும். சர்வேயரும் ஒரே நாளில் எல்லா படகையும் பார்த்துவிடுவார், செலவு பிரியும். ஒற்றை பழைய படகை திருப்பி அனுப்பும் அலுவலகம், புதுசும் பழசும் கலந்து வரும்போது அவ்வளவு சுலபமாக திருப்பி அனுப்பாது.

பெயர் யார் பெயரில்?

பழைய படகுக்கே உள்ள தலைவலி இது. ராமேசுவரத்தில் கட்டிய படகு கோட்டைப்பட்டினம் போய், அங்கிருந்து நாகை வந்து 3 கை மாறி இருக்கும். பதிவு சான்றில் இன்னும் முதல் ஆள் பெயர் இருக்கும். விற்றவரும் வாங்கியவரும் மாமன் மச்சான், நம்பிக்கைதான். கம்பெனிக்கு அந்த நம்பிக்கை செல்லாது. சேதம் நடக்கும்போது படகு யாருக்கு சொந்தமோ அவருக்குத்தான் கிளைம். மீன்வளத்துறை அலுவலகத்தில் பெயர் மாற்றி, உரிமத்தையும் புதுப்பித்த பிறகு பாலிசி போடுவதே சரி. என்ஜினை மாற்றி இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் பாலிசியையே ரத்து செய்ய சட்டத்தில் இடம் இருக்கிறது.

எல்லை தாண்டியதாக சொல்லி இலங்கை கடற்படை படகை பிடித்துக்கொண்டு போனால் இன்சூரன்ஸ் வருமா என்றும் கேட்கிறார்கள். சாதாரண ஹல் பாலிசியில் சிறைபிடிப்பு, பறிமுதலை விலக்கி வைப்பதுதான் வழக்கம். அதை எதிர்பார்த்து பாலிசி போட்டால் ஏமாற்றம்தான்.

புயல் அடித்த மறுநாள்

கம்பெனிக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும், எழுத்து மூலமாகவும். படகை நகர்த்துவதற்கு முன் 4 பக்கமும் போட்டோ எடுக்கணும். சர்வேயர் பார்க்கும் முன் பலகையை பிரிக்க கூடாது. அதற்காக படகு மேலும் உடையட்டும் என்று கையை கட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. தண்ணீர் இறைப்பது, கயிறு போட்டு நிறுத்துவது, என்ஜினை காப்பாற்றுவது எல்லாம் உரிமையாளர் கடமை என்று சட்டம் சொல்கிறது. அதற்கான செலவு பில்லையும் வைத்துக்கொள்ளணும். மீன்வளத்துறை எடுக்கும் சேத கணக்கெடுப்பில் படகு எண் சரியாக ஏறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கம்பெனி கைவிரித்தால் முதலில் அந்த கம்பெனியின் குறைதீர்ப்பு பிரிவுக்கு எழுத வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற இலவச எண்ணிலும் புகார் பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சொந்தமாக சிறுதொழில் செய்பவர்கள் பாலிசியையும் அவர் விசாரிக்கிறார். இழப்பீடு 50 லட்சம் ரூபாய் வரை அவர் அதிகாரத்தில் வரும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் மனு போய் சேர வேண்டும்.