மலை ஏறுமுன் பாதங்களைக் கவனியுங்கள்

சில வருடங்களுக்கு முன் அக்காவும் நானும் சிவனொளிபாதமலைக்குப் போனோம். முதல்நாள்தான் வெள்ளவத்தையில் அவருக்குப் புதுச் சப்பாத்து வாங்கினோம். 2,243 மீற்றர் உயரமான மலை. நல்லதண்ணிப் பாதையில் 5,000க்கும் மேற்பட்ட படிகள். அக்கா ஒரு முறைகூட "நோகுது" என்று சொல்லவில்லை. வீடு வந்து காலுறையைக் கழற்றியபோதுதான் குதிக்காலில் கொப்புளம் உடைந்திருப்பதைக் கண்டோம். அவருக்கு நீரிழிவு, பாதத்தில் உணர்ச்சி குறைவு. அந்தப் புண் ஆற இரண்டு மாதம் சென்றது.

அன்று தெரியாமற் போனவற்றை இன்று உங்களுக்குச் சொல்கிறேன், சகோதரிகளே.

சப்பாத்தை மாலையில் வாங்குங்கள். அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். மலைக்கு அணியும் காலுறையுடனேயே போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரலளவு இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறங்கும்போது நகம் நசியும். அடிப்பாகம் வழுக்காததாக இருக்கட்டும். இரண்டு வாரமாவது வீட்டிலும் தெருவிலும் அணிந்து பழகுங்கள்.

பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். ஈரத்தில் ஊறிய தோல் உரசலில் கொப்புளிக்கும். கம்பளி அல்லது விரைவில் உலரும் செயற்கை நூற் காலுறையே நல்லது. மாற்றுச் சோடி ஒன்றும் பையில் இருக்கட்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். வழியில் இளைப்பாறும் போதெல்லாம் பாதத்தைப் பாருங்கள். வலிக்கவில்லை என்பதற்காகக் காயமில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.