அணு உறிஞ்சல் நிறமாலை அளவியல்

அணு உறிஞ்சல் நிறமாலை அளவியல் என்பது, ஒரு பொருளில் மிகச் சிறிய அளவில் கலந்துள்ள உலோகங்களை, அவற்றின் தனித்த அணுக்கள் ஒளியை உறிஞ்சும் அளவைக் கொண்டு அளந்தறியும் பகுப்பாய்வு முறையாகும். அரிசி, மீன், பால், மஞ்சள்தூள் போன்ற உணவுப்பொருட்களிலும், குருதி, சிறுநீர், தலைமயிர் போன்ற உயிரியல் மாதிரிகளிலும் உள்ள காரீயம், காட்மியம், பாதரசம், துத்தநாகம், செம்பு முதலியவற்றையும், உலோகப்போலியான ஆர்செனிக்கையும் அளக்க இம்முறை பயன்படுகின்றது. ஒரு கிலோகிராம் தானியத்தில் 0.2 மில்லிகிராம் காரீயம் என்பது பன்னாட்டு உணவு நெறித்தொகுப்பான கோடெக்சின் வரம்பு. இது ஐம்பது இலட்சத்தில் ஒரு பங்காகும். சாதாரண தராசுகளாலோ நிறமாற்றச் சோதனைகளாலோ இவ்வளவு நுண்ணிய அளவை நம்பகமாக எட்ட இயலாது.

பேச்சுவழக்கில் ஈயம் என்ற சொல் வெள்ளீயம், காரீயம் ஆகிய இரண்டையும் குறிக்கின்றது. இரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, நஞ்சாவது காரீயம். வெள்ளீயத்துடன் காரீயம் கலந்திருந்தால், புளிப்பான இரசத்தில் அது கரைந்து இறங்கக்கூடும். கண்ணால் பார்த்து இதை அறிய இயலாது.

அடிப்படை

ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் தனக்கே உரிய சில அலைநீளங்களில் மட்டுமே ஒளியை உமிழும். அதே அலைநீளங்களில் உறிஞ்சவும் செய்யும். சூரிய நிறமாலையில் 1802இல் வொலாசுட்டனும், 1814இல் பிரான்ஹோபரும் கண்ட கருங்கோடுகளுக்கு 1859இல் கிர்க்காஃப் தந்த விளக்கம் இதுவே. ஆயினும் ஏறத்தாழ நூறாண்டுகள் வேதியியலாளர்கள் உமிழ்வையே பெரிதும் பயன்படுத்தி வந்தனர். தீச்சுடரில் உள்ள அணுக்களில் மிகச் சிறு பகுதியே கிளர்வுற்று ஒளியை உமிழ்கின்றது. எஞ்சியவை தாழ்நிலையிலேயே இருக்கின்றன. அந்தப் பெரும்பான்மையை ஏன் அளக்கக்கூடாது என்று கேட்டவர் ஆத்திரேலியாவின் ஆலன் வால்சு. அவரது கட்டுரை 1955இல் வெளியானது. அதே ஆண்டில் நெதர்லாந்தின் அல்கமாடே, மிலாட்சு ஆகியோரும் தனியாக இதே கருத்தை வெளியிட்டனர்.

அணு உறிஞ்சும் கோடு மிகக் குறுகியது. வெண்ணொளியிலிருந்து அவ்வளவு குறுகிய பகுதியைப் பிரித்தெடுப்பது அக்காலக் கருவிகளுக்கு மிகக் கடினம். வால்சு இதனை எளிதாகத் தீர்த்தார்: காரீயத்தை அளக்க, காரீயத்தாலேயே எதிர்மின்வாய் செய்த விளக்கைப் பயன்படுத்தினால், சரியான அலைநீளம் தானாகவே கிடைத்துவிடுகின்றது. காரீயத்திற்கு 283.3 நானோமீட்டரும், காட்மியத்திற்கு 228.8 நானோமீட்டரும் வழக்கமாகப் பயன்படும் கோடுகளாகும். தனிமத்திற்கு ஒரு விளக்கு வேண்டும் என்பது இதன் குறை.

அணுவாக்கல்

காற்று-அசிட்டிலீன் சுடர் (சுமார் 2300 பாகை செல்சியசு) துத்தநாகம், செம்பு, இரும்பு ஆகியவற்றிற்குப் போதுமானது. ஆனால் தெளிக்கப்படும் கரைசலின் பெரும்பகுதி வீணாகிறது. அணுக்களும் நொடியின் மிகச் சிறு பகுதியே ஒளிப்பாதையில் நிற்கின்றன. 1959இல் லெனின்கிராதில் போரிசு லுவோவ் கிராஃபைட்டு உலையை முன்வைத்தார். சிறு குழாயினுள் சில மைக்ரோலிட்டர் கரைசலை இட்டு, உலர்த்தி, கருக்கி, பின் திடீரெனச் சூடாக்கினால் அணுமுகில் குழாயினுள்ளேயே சற்றுத் தங்கும். ஒரு துளிக் குருதியில் காரீயத்தை அளப்பது இதனால் இயல்வதாயிற்று. பாதரசத்திற்குச் சூடே தேவையில்லை. வேதிமுறையில் ஒடுக்கி, ஆவியாக்கி அளக்கலாம்.

மாதிரியைக் கரைத்தல்

உணவில் உள்ள கரிமப்பொருளை முதலில் அழிக்கவேண்டும். முன்னர் உலையில் சாம்பலாக்குவர். இதில் பாதரசம் ஆவியாகித் தப்பிவிடும். இக்காலத்தில் மூடிய டெஃப்லான் கலன்களில் நைத்திரிக் அமிலமும் ஐதரசன் பேரொட்சைட்டும் சேர்த்து நுண்ணலையால் சூடாக்குவது வழக்கம்.

மாசும் வெற்றுச்சோதனையும்

இத்துறையின் உண்மையான சிக்கல் கருவியில் இல்லை எனலாம். தூசி, அமிலம், கண்ணாடிக்குடுவை, ஊசி என எதிலிருந்தும் அளக்கவேண்டிய உலோகமே மாதிரியில் சேரக்கூடும். எனவே மாதிரியே இல்லாமல் எல்லாப் படிகளையும் செய்து பார்க்கும் வெற்றுச்சோதனை கட்டாயமாகின்றது.

எடுத்துக்காட்டாக, 0.5 கிராம் அரிசியைக் கரைத்து 25 மில்லிலிட்டர் ஆக்கியபின், காரீயத்தின் அளவு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என வருவதாகக் கொள்வோம். கணக்கிட்டால் கிலோகிராமுக்கு 0.25 மில்லிகிராம், வரம்பு மீறல். வெற்றுச்சோதனையில் 1.5 மைக்ரோகிராம் கிடைத்திருந்தால், கழித்தபின் அது 0.175 மில்லிகிராம், வரம்புக்குள். ஒரு மூட்டை அரிசி விற்கத்தக்கதா இல்லையா என்பது இந்தக் கழித்தலில் அடங்கியுள்ளது.

வரலாற்றில் இதற்குப் பெரிய சான்றுகள் உண்டு. குருதி நீர்மத்தில் குரோமியத்தின் இயல்பான அளவாக 1950களிலும் 60களிலும் நூல்களில் இருந்த மதிப்புகள், பின்னர் பல நூறு மடங்கு குறைந்தன. மனிதர்கள் மாறவில்லை, எஃகு ஊசிகளின் மாசும் பின்னணி ஒளி உறிஞ்சலும் அடையாளம் காணப்பட்டன. 1980இல் செட்டில், பாட்டர்சன் ஆகியோர் சூரை மீனின் தசையில் காரீயத்தைத் தூய ஆய்வகத்தில் அளந்தபோது, மற்ற ஆய்வகங்கள் கூறிவந்ததை விட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு குறைவாக இருந்தது. அவர்கள் பயன்படுத்தியது ஓரிடத்தான் நிறை அளவியல். பாடம் எல்லா முறைகளுக்கும் பொது.

குழந்தைகளின் குருதிக் காரீயத்திற்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் வகுத்த குறிப்பளவு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம். விரல் நுனியில் குத்தி எடுத்த துளி இதைத் தாண்டினால், சிரையிலிருந்து மீண்டும் எடுத்து உறுதி செய்வர். விரலில் ஒட்டிய தூசியே அந்த எண்ணாக இருக்கக்கூடும்.

ஆய்வகங்கள் ஒப்பிட்டுக்கொள்ள அளவறிந்த சான்றுப்பொருட்கள் உள்ளன. 1960களில் எச். ஜே. எம். போவன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் உலர்ந்த கேல் கீரையைத் தூளாக்கிப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பியது இவ்வகையில் முன்னோடியாகும்.

பிற முறைகள்

1980களில் சந்தைக்கு வந்த தூண்டல் பிணைப்பு மின்ம நிறை அளவியல் பல தனிமங்களை ஒரே ஓட்டத்தில் அளக்கின்றது. இதுவும் தவறாத முறையன்று. ஆர்கனும் குளோரினும் இணைந்த அயனியின் நிறை 75; ஆர்செனிக்கின் நிறையும் 75. உப்பு மிகுந்த கருவாட்டில் இல்லாத ஆர்செனிக் இருப்பதாகக் கருவி காட்டக்கூடும். மோதல் கலனில் ஈலியம் செலுத்தி இதைப் பெரிதும் தவிர்க்கின்றனர்.

மொத்த அளவு மட்டும் போதாத இடமும் உண்டு. இறாலில் உள்ள ஆர்செனிக்கின் பெரும்பகுதி ஆர்செனோபீட்டேன் என்ற, நச்சுத்தன்மை அற்றதாகக் கருதப்படும் சேர்மம். அரிசியில் இருப்பதில் கணிசமான பகுதி நச்சான கனிம வடிவம். இவற்றைப் பிரித்தறிய, நீர்ம நிறப்பிரிகைக் கருவியை நிறை அளவியுடன் இணைக்கவேண்டும். தீட்டிய அரிசிக்கு 2014இல் கோடெக்சு ஏற்ற கிலோகிராமுக்கு 0.2 மில்லிகிராம் என்னும் வரம்பு, மொத்த ஆர்செனிக்குக்கு அன்றி, கனிம ஆர்செனிக்குக்கே உரியது.