அளந்து பார்த்தவர்களும் எண்ணிப் பார்த்தவர்களும்

விஞ்ஞானம், பொருளியல் என்றாலே அது படித்தவர்களுக்கான பக்கம் என்று புரட்டிவிட்டுப் போகிற வழக்கம் எம்மிடம் உண்டு. அடுப்படி, தோட்டம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஓடுகிற எமக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? என்றாலும் அண்மைய ஆண்டுகளில் வெளிவந்த சில ஆய்வுகளைப் பற்றி வாசித்தபோது, இவற்றை எமது சகோதரிகளும் அறிய வேண்டும் என்று தோன்றியது. அவற்றுள் சில வியப்புக்காக மட்டுமே. மற்றவை எமது உயிரோடும் உழைப்போடும் தொடர்புடையவை.

வியப்பிலிருந்து தொடங்குகிறேன். எமது சூரியன் பால்வீதி என்ற பெரும் நட்சத்திரக் கூட்டத்தின் ஓர் ஓரத்தில் இருக்கிறது. அதன் நடுவில் என்ன இருக்கிறது என்பதைத் தூசுப்படலம் மறைக்கிறது. அமெரிக்க வானியலாளர் அன்ட்ரியா கெஸ் 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஹவாய்த் தீவிலுள்ள கெக் தொலைகாட்டி மூலம் அந்த நடுப்பகுதி நட்சத்திரங்களை ஆண்டுதோறும் படம்பிடித்து வந்தார். அவற்றில் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றை 16 ஆண்டுகளில் ஒருமுறை சுற்றி வந்தது. 16 ஆண்டுகள் என்றால், பிறந்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதும் காலம். அவ்வளவு பொறுமை! சூரியனைப் போல் ஏறத்தாழ 40 இலட்சம் மடங்கு திணிவுள்ள கருந்துளையே அங்கு இருக்கிறது என்ற முடிவுக்கு அவரது குழுவும், ஜேர்மனியின் ரைன்ஹார்ட் கென்செல் குழுவும் தனித்தனியே வந்தன. 2020இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 2022 மே மாதம் அந்தக் கருந்துளையின் படமே வெளியிடப்பட்டது.

பௌதிகவியலில் 2023ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் ஆன் லுயிலியே. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர். அணுவுக்குள் இலத்திரன்கள் அசைவதைப் பார்ப்பதற்கு மிகமிகக் குறுகிய ஒளித்துடிப்பு வேண்டும். ஒரு செக்கனை நூறு கோடித் துண்டுகளாக்கி, அதில் ஒரு துண்டை மறுபடியும் நூறு கோடியாக்கினால் வருவது ஓர் அற்றோசெக்கன். அந்த அளவில் ஒளியை உண்டாக்க வழிகாட்டிய ஆய்வு அவருடையது. பரிசுச் செய்தி வந்தபோது அவர் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தார். செய்தியைக் கேட்டுவிட்டு, திரும்பிப் போய் மிச்சப் பாடத்தையும் முடித்தார்.

பௌதிகவியலில் இப்பரிசைப் பெற்ற ஐந்தாவது பெண் அவர். முதலாமவர் 1903இல் மேரி கியூரி. இரண்டாமவர் 1963இல் மரியா கோப்பேர்ட் மேயர். இவர் கணவர் வேலை பார்த்த பல்கலைக்கழகங்களில் பல ஆண்டுகள் சம்பளமே இல்லாமல் ஆராய்ச்சி செய்தவர்.

அடுத்தது பிரசவம். இதைச் சற்று ஆறுதலாக வாசியுங்கள். இடம்பெயர்வுக் காலத்தில் பதுங்குகுழியிலும் முகாமிலும் பிள்ளை பெற்றவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் குருதிப்பெருக்கு என்றால் என்னவென்று அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உலகில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 70,000 தாய்மார் இதனால் இறக்கிறார்கள்.

மருந்து இல்லாததால் மட்டும் இந்தச் சாவுகள் நிகழவில்லை. எவ்வளவு இரத்தம் போகிறது என்பதைக் கண்பார்வையால் மதிப்பிடுவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. துணியிலும் கட்டிலிலும் நிலத்திலும் பரவிய இரத்தத்தின் அளவை எந்தக் கெட்டிக்காரத் தாதியாலும் சரியாகச் சொல்ல முடியாது. பாதிப் பேருடைய ஆபத்து கவனத்துக்கு வராமலே போனது.

பிரித்தானியாவின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் வழிநடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா ஆகிய நாடுகளின் 80 வைத்தியசாலைகளில் 2 இலட்சத்துக்கும் அதிகமான பிரசவங்கள் இதில் அடங்கின. கருவி என்று பார்த்தால் ஒரு பிளாஸ்ரிக் விரிப்புத்தான். தாயின் கீழ் விரித்தால் இரத்தம் அதன் பைபோன்ற பகுதியில் சேரும். பையில் அளவுக்கோடுகள் இருக்கும். எல்லையைத் தாண்டியதும் மருத்துவமாதும் தாதியும் கருப்பையை நீவுதல், கருப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்து, இரத்தப்போக்கை நிறுத்த உதவும் ரனெக்சாமிக் அமிலம், நாளம் வழியே திரவம், காயம் எங்கே என்ற பரிசோதனை ஆகிய எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் சேர்த்தே செய்வார்கள்.

விளைவு என்ன தெரியுமா? முன்பு குருதிப்பெருக்கு ஏற்பட்ட 100 பேரில் 51 பேரே கண்டறியப்பட்டனர். புதிய முறையில் 93 பேர். கடும் குருதிப்பெருக்கு, அதை நிறுத்த வயிற்றைத் திறக்கும் சத்திரசிகிச்சை, அதனால் நேரும் மரணம் இவற்றுள் ஒன்றுக்கு ஆளானோர் பழைய முறையில் 1,000 பேரில் 43 ஆக இருந்தனர். புதிய முறையில் அது 16 ஆகியது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் இம்முறையைப் பரிந்துரைத்தது. இதில் புதிய மருந்து ஒன்றுகூட இல்லை என்பதுதான் என்னை அசத்தியது.

வீட்டுக்கு வந்தபின்னும் ஒரு மணித்தியாலத்தில் ஒரு துணி முழுவதும் நனைந்தால், அல்லது தலைச்சுற்றும் படபடப்பும் வந்தால், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பொருளியலில் 2023ஆம் ஆண்டுப் பரிசு ஹாவாட் பல்கலைக்கழகத்தின் குளோடியா கோல்டினுக்குத் தனியாகக் கிடைத்தது. அமெரிக்கப் பெண்களின் 200 ஆண்டு உழைப்பை அவர் பழைய ஆவணங்களிலிருந்து தோண்டி எடுத்தார். குடிசன மதிப்பீட்டில் மணமான பெண்ணின் தொழில் என்ற இடத்தில் ‘மனைவி’ என்றே எழுதியிருந்தார்கள். அவள் வயலிலும் வீட்டுக் கைத்தொழிலிலும் உழைத்தது எங்கும் இல்லை. அவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, 1890களில் தொழில் செய்த மணமான பெண்களின் வீதம் அரசாங்கக் கணக்கைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக வந்தது.

எண்ணப்படாமல் போவது எமக்குப் புதிதல்ல. 1981க்குப் பிறகு 2012 வரை, வடக்கு கிழக்கின் எல்லா மாவட்டங்களையும் முழுமையாக எண்ணிய குடிசன மதிப்பீடே இருக்கவில்லை. இன்றும் கணக்கெடுக்க வருபவர் கேட்டால், பத்துக் கோழி வளர்த்து, பாய் இழைத்து, மிளகாய் நட்டு விற்கிற பெண் “சும்மா வீட்டில்தான்” என்கிறாள். அப்படிச் சொல்லாதீர்கள். கோழியையும் பாயையும் மிளகாயையும் சொல்லுங்கள்.

கோழி என்றதும் இன்னொன்று. மிக வறிய குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி கொடுத்தால் அது நிலைக்குமா என்று எத்தியோப்பியா, கானா, ஹொண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். பின்னர் 2019இல் நோபல் பெற்ற எஸ்தர் டுஃப்ளோவும் அபிஜித் பானர்ஜியும் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஆடு, கோழி போன்றவற்றோடு சில மாதச் சாப்பாட்டுச் செலவு, பயிற்சி, சேமிப்பு, அடிக்கடி வீட்டுக்கு வந்து பார்த்தல் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். உதவி நின்று ஓராண்டின் பின்னும் பெரும்பாலான இடங்களில் முன்னேற்றம் நிலைத்தது. மேற்கு வங்காளத்தில் பத்து ஆண்டுகள் கழித்தும் தெரிந்தது. ஹொண்டுராஸில் மட்டும் கோழிகள் நோய்வந்து செத்ததால் சொத்து மிஞ்சவில்லை. கானாவில் சிலருக்கு ஆடு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். முழு உதவி பெற்றவர்களுக்குக் கிடைத்த பலன் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ஆட்டை விற்ற ஒரு தாயை ‘திட்டத்தை வீணாக்கியவர்’ என்று எழுதிய அறிக்கை ஒன்றை நான் வாசித்திருக்கிறேன். வீட்டில் அரிசி இல்லாதபோது ஆடு எத்தனை நாள் கட்டையில் நிற்கும்? உதவிக் கூட்டத்துக்கு அழைக்கும்போது சகோதரிகள் தயங்காமல் கேட்கலாம்: முதல் ஆறு மாதச் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு? கோழிக்குத் தடுப்பூசி போடுவது யார்? மிருக வைத்தியர் எந்த நாள் வருவார்?