வெறும் போத்தலும் பத்து ரூபாயும்

மலைநாடு காணச் செல்லும் உல்லாசப் பிரயாணிகள் குளிர்ந்த காற்றையும் பசிய சோலைகளையும் நுகர்ந்து வீடு மீளுகின்றனர். அவர்கள் வீசிச் சென்ற வெறும் போத்தல்களோ மீளுவதில்லை. தமிழ்நாட்டின் நீலகிரி மலையில் இவ்வாறு குவிந்த கண்ணாடிக் கழிவு காட்டுயிர்களுக்குப் பெரும் பகையாயிற்று. அதனை நீக்க அங்கே கைக்கொண்ட வழியினையும், அதற்கு அடிப்படையான விஞ்ஞான உண்மையினையும் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீலகிரிக் காடுகள் யானைகளின் உறைவிடம். யானையின் கால் தூண்போல் உரமுடையதாகத் தோன்றினும், அதன் உள்ளங்கால் மெத்தையொத்த மென்மையுடையது. உடைந்த போத்தலின் கூர்முனை அதிற் பாயுமாயின் புண் சீழ்கொள்ளும். நடக்கவியலாத யானை உணவும் நீரும் தேடமாட்டாது மாளவும் கூடும். கண்ணாடியோ உக்குவதுமில்லை, துருப்பிடிப்பதுமில்லை. நெடுங்காலம் கழியினும் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

ஆயின், அழியாத அவ்வியல்பே கண்ணாடியின் சிறப்புமாகும். சிலிக்கா மணல், சோடியங்காபனேற்று, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை ஏறக்குறைய 1,500 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருக்கிக் கண்ணாடி செய்வர். பழைய கண்ணாடியை நொறுக்கி இக்கலவையிற் சேர்த்தால், அது தாழ்ந்த வெப்பநிலையிலேயே உருகி மற்றவற்றின் உருகலுக்கும் துணைசெய்யும். நூற்றுக்கு 10 பங்கு சேர்ப்பின், உலைக்கு வேண்டிய சக்தி நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு வரை குறையும். எத்தனை முறை உருக்கினும் கண்ணாடியின் தரம் கெடுவதில்லை.

அவ்வாறாயின் காட்டிற் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கி உலையிலிட்டாலென்ன என்று மாணவர் வினவலாம். அவற்றுடன் கல்லும் பீங்கானும் கலந்திருக்கும். ஒரு சிறு பீங்கான் துண்டு உருகாது நின்று புதிய போத்தலைப் பழுதாக்கிவிடும். கபில நிறக் கண்ணாடியிலிருந்து நிறமற்ற போத்தல் செய்யவும் இயலாது. ஆதலின் நிறம் பிரித்தலும் வேண்டும். எனவே, போத்தல் உடையுமுன்னரே திரும்புதல் இன்றியமையாதது. முழுப் போத்தலாயின் உருக்கவும் வேண்டியதில்லை. கழுவி மீண்டும் நிரப்பலாம்.

இதற்கு வழியாக, சென்னை உயர் நீதிமன்றத்தின் பணிப்பின்படி 2022இல் நீலகிரியிலுள்ள அரச மதுக்கடைகளில் ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. அடையாளமிட்ட ஒவ்வொரு போத்தலுக்கும் விலைக்கு மேலாக 10 இந்திய ரூபா அறவிடப்படும். வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுப்பவருக்கு அப்பணம் மீளக் கிடைக்கும். இதன் நுட்பம் யாதெனில், பத்து ரூபாயைப் பொருட்படுத்தாத பிரயாணி போத்தலை வீசினாலும், அதன் மதிப்பறிந்த வேறொருவர் எடுத்துச் செல்வார். குப்பையாய் இருந்தது பணமாயிற்று.

குறையும் உண்டு. வேற்றூரிலிருந்து கொணர்ந்த, அடையாளமில்லாத போத்தல் இவ்வலையிற் சிக்காது. மலையடிவாரத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்துக்கும் இத்திட்டம் பின்னர் விரிவாக்கப்பட்டது.

இது நமக்குப் புதிய உபாயமன்று. வெறும் போத்தலைக் கொடுத்துச் சோடா வாங்கிய நாட்களை நம் பழைய மாணவர் மறந்திரார். அக்காலத்தில் வெறும் போத்தலைத் தெருவில் எறிவார் எவருமிலர். அதற்கு ஒரு விலை இருந்தது. கண்ணாடியை உருக்கும் வித்தையை உலகம் நன்கறியும். அதனை உலைக்களம் வரை கொண்டுசேர்க்கும் வித்தையே இன்று நாம் மீண்டும் கற்கவேண்டியதாகும்.