வீட்டுக்கு ஏற்ற மின்பெட்டி

நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பர். மின்சாரத்தின் அருமையை நம் நாட்டவர் 2022ஆம் ஆண்டிலே நன்குணர்ந்தனர். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. அதன் பின்னர், கையில் எடுத்துச் செல்லத்தக்க மின்சேமிப்புப் பெட்டிகளை வாங்குவோர் பலராயினர். மின்பிறப்பாக்கியைப் போல இவை இரைச்சலிடுவதில்லை, நச்சுப்புகை கக்குவதுமில்லை. ஆயினும் எதனைத் தெரிவது?

என் நண்பர் ஒருவர், சுவாச நோயுற்ற தம் தந்தையாரின் ஒட்சிசன் கருவிக்கென ஒரு பெட்டி வாங்கினார். கருவிக்கு வேண்டியது 350 வாற்று. பெட்டியின் முகப்பிலோ 1000 வாற்று என்றிருந்தது. இரவு முழுவதும் போதும் என்று நம்பினார். மின்சாரம் நின்ற இரவிலே, ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலாக இயங்கிப் பெட்டி ஓய்ந்துவிட்டது. முதியவரை நள்ளிரவில் வைத்தியசாலைக்குக் கொண்டோட நேர்ந்தது.

பிழை எங்கே? வாற்று என்பது ஒரே நேரத்தில் பெட்டி தரவல்ல வலுவைக் குறிக்கும். வாற்று மணி என்பதே அது சேமித்து வைத்திருக்கும் சக்தியின் அளவு. முன்னையது குழாயின் அகலம். பின்னையது தொட்டியின் கொள்ளளவு. நண்பரின் பெட்டியில் குழாய் அகலமானது. தொட்டியோ 500 வாற்று மணி மட்டுமே.

ஆகவே, கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளை எடுங்கள். 10 வாற்று மின்குமிழ்கள் நான்கு, 50 வாற்று மேசை விசிறி ஒன்று, 10 வாற்று இணையக் கருவி ஒன்று எனக் கொள்வோம். மொத்தம் 100 வாற்று. ஐந்து மணித்தியாலத்துக்கு 500 வாற்று மணி வேண்டும். பெட்டியினுள்ளே ஒரு பகுதி வெப்பமாக வீணாகுமாதலால், 600க்குக் குறையாத பெட்டியே தகும். நீரிறைக்கும் பம்பி, குளிர்சாதனப் பெட்டி என்பன தொடங்கும் கணத்தில் வழமையிலும் பன்மடங்கு வலுவை இழுக்கும்; அதனைத் தாங்குமா என்றும் கேளுங்கள். நீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தலை இதிற் பூட்டுவது, குடிநீர்த் தொட்டியால் வயலுக்கு இறைப்பது போன்றதாகும்.

அடுத்து மின்கலத்தின் வகையை நோக்குக. லித்தியம் இரும்புப் பொசுபேற்று வகை பாரமானது. எனினும் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும். சில ஆயிரம் முறை மின்னேற்றத்தக்கது. நிக்கல் கலந்த லித்தியம் வகை எடை குறைந்தது. ஆனால் பெரும்பாலும் ஆயுளும் குறைந்தது. வீட்டிலேயே இருக்கப் போகும் பெட்டிக்கு முன்னையதே சாலச் சிறந்தது. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். பிறநாட்டிலிருந்து வரும் 110 வோல்ற்றுப் பெட்டிகளை மலிவு கருதி வாங்கி ஏமாறலாகாது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இப்பெட்டியை வீட்டுச் சுவரிலுள்ள மின்செருகியிற் கொளுவி, வீடு முழுவதற்கும் மின்சாரம் செலுத்த ஒருபோதும் முயலாதீர்கள். அது வெளிக்கம்பிகளிற் பாய்ந்து, அவற்றைத் திருத்தும் தொழிலாளியின் உயிரையே வாங்கிவிடக்கூடும்.

என் நண்பர் பின்னர் இரண்டாவது பெட்டி வாங்கினார். இம்முறை விலைச் சீட்டைப் பார்க்குமுன் தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் பார்த்தார். அக்கணக்கு நான்காம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடியதே. நாம்தாம் செய்யாது விடுகிறோம்.