பூக்கூடையில் ஒரு லாப நஷ்டக் கணக்கு

மாசி கடைசி ஞாயிறு. சமயபுரத்தில் பூச்சொரியல் ஆரம்பம். கூடை கூடையாகப் பூ வந்து இறங்க, பி.காம். படித்த மூளை சும்மா இருக்குமா?

"இன்னிக்கு மல்லிகைத் தோட்டக்காரங்க காட்டுல மழைதான்!" என்றேன், வரிசையில் பக்கத்தில் நின்ற பெரியவரிடம். அவருக்கே எட்டரையில் மல்லிகைத் தோட்டமாம். சிரித்தார்.

"மழை கடைக்காரன் காட்டுல தம்பி. எங்க காட்டுல இல்ல."

விஷயம் இதுதான். மார்கழி, தைப் பனியில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும்; விற்கத்தான் பூ இருக்காது. பங்குனி வெயிலில் செடி கொட்டித் தீர்க்கும், விலை படுத்துவிடும். சில நாள் பறிகூலிக்கே பத்தாது. நெல் என்றால் மூட்டை கட்டிக் காத்திருக்கலாம். மல்லிகை மொட்டு சாயங்காலம் வரைதான் சரக்கு, விரிந்தால் குப்பை!

மலிந்த பூவை வாங்கும் சென்ட் ஆலைகள் நிலக்கோட்டை, சத்தியமங்கலம் பக்கம் இருக்கின்றன. அங்கே கொண்டுபோகும் வாடகையை யார் கொடுப்பது?

இன்னொரு வழி: நவம்பர் கடைசியில் செய்யும் கவாத்தை செப்டம்பர் கடைசியிலேயே முடிப்பது. பனிக்காலத்திலும் ஓரளவு பூக்கும்.

"செஞ்சு பாத்தீங்களா?"

"பத்து சென்ட்ல பாத்தேன். பேத்தி காலேஜ் பீஸு அதுலதான் கட்டினேன். இந்த வருஷம் இருபது சென்ட்" என்றவர், கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நகர்ந்தார்.

"இது எவ்வளவு?" என்றேன்.

"ஆத்தாளுக்குத் தம்பி. எடை போடல."